மணி அடித்தால் காசில்லை

ஆட்டோ வாசலுக்கு வந்ததும் ஒரு மிஸ்டு கால். வெளியூர் போன பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒன்று. தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்துவிட்டால் மாடி வீட்டு அக்காவுக்கு ஒன்று. 2000-களின் நடுவில் செல்போன் வாங்கிய குடும்பங்களில் இதற்கென்று எழுதாத சட்டங்கள் இருந்தன. ஒரு தடவை அடித்து நின்றால் ‘வந்து சேர்ந்தாச்சு’. அடுத்தடுத்து இரண்டு தடவை அடித்தால் ‘என் போனில் காசு இல்லை, நீ கூப்பிடு’. யார் யாருக்குக் கொடுக்கலாம் என்பதிலும் முறை உண்டு. மகள் அப்பாவுக்குக் கொடுக்கலாம். புது மாப்பிள்ளை மாமனாருக்குக் கொடுத்தால் ஊர் சிரிக்கும். வேலை கேட்டுப் போனவர் முதலாளிக்குக் கொடுத்தால் வேலை கிடைக்காது.

இந்தக் கெட்டிக்காரத்தனம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. ருவாண்டாவில் களஆய்வு செய்த ஜோனதன் டோனர் என்ற ஆய்வாளர், ஆப்பிரிக்காவில் ‘பீப்’, அதாவது மிஸ்டு கால், கொடுப்பதன் விதிகளைப் பற்றி 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். படித்தால் நம் தெருவைப் பற்றி எழுதியது போலிருக்கும். காசுள்ளவர்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும், உதவி கேட்கப் போகிறவர் பீப் கொடுக்கக் கூடாது, ஒரு பெண்ணின் மனதில் இடம் பிடிக்க நினைக்கும் ஆண் கொடுக்கவே கூடாது. கொழும்பிலிருக்கும் லேர்ன்ஏஷியா ஆய்வு நிறுவனமும் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய நாடுகளில் குறைந்த வருமானக்காரர்கள் தொலைபேசியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அந்தக் காலத்திலேயே கேட்டு எழுதியது.

சமூகவியல்காரர்கள் இதைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். எனக்கு வேறொரு கேள்வி. சென்னையிலிருந்து வள்ளியூருக்கு மணி அடிக்க வைத்திருக்கிறோம். 600 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு கருவி நம் பெயரைக் காட்டி அதிர்ந்திருக்கிறது. இவ்வளவு வேலை நடந்த பிறகும் பில் ஏன் பூஜ்யம்?

மீட்டர் எப்போது ஓடும்

எஸ்.டி.டி. பூத்தில் நின்று பேசியவர்களுக்கு இதன் பாதி விடை தெரியும். கண்ணாடி அறைக்குள் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும். அந்த எண்கள் டயல் செய்தவுடன் ஓடாது. மணி அடிக்கும்போதும் ஓடாது. எதிர்முனையில் ரிசீவரை எடுத்த கணத்தில்தான் ஓடத் தொடங்கும். எடுத்துவிட்டார்கள் என்று பூத்தில் இருக்கும் பெட்டிக்கு எப்படித் தெரியும்? தொலைபேசி நிலையம் அந்தக் கம்பி ஜோடியின் மின்முனைகளைத் தலைகீழாக மாற்றும். நேர்முனை எதிர்முனையாகும், எதிர்முனை நேர்முனையாகும். பெட்டி அதைக் கண்டதும் கணக்கை ஆரம்பிக்கும். பேசுபவர் காதில் இது விழாது.

உலகெங்கும் தொலைபேசிக் கட்டணத்தின் அடிப்படை விதி இதுதான்: எடுத்தால் காசு. தொலைபேசி நிறுவனங்கள் பெருந்தன்மையால் இப்படி வைக்கவில்லை. ஆள் இல்லாத வீட்டில் மணி அடித்ததற்கெல்லாம் காசு கேட்டால் சண்டை வரும். பேச்சு நடந்ததற்கான தெளிவான அடையாளம் எதிர்முனை எடுப்பது ஒன்றே.

செல்போன் வந்தபோது இந்த விதி அப்படியே கூட வந்தது. ஆனால் காசின் அளவு மாறியது. இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவில் மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசுவிடமிருந்து டெல்லியில் மத்திய அமைச்சர் சுக் ராமுக்குப் போனது. அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு எட்டு ரூபாய்க்கு மேல். நெரிசல் நேரத்தில் பதினாறைத் தாண்டும். கூப்பிட்டவருக்கு மட்டுமில்லை, எடுத்தவருக்கும் கட்டணம் உண்டு. வந்த அழைப்புக்குக் காசு கிடையாது என்ற நிலை 2003 மே மாதம்தான் வந்தது. அதன்பிறகும் கட்டணம் முழு நிமிடமாகத்தான் எண்ணப்பட்டது. ‘இறங்கிட்டேன்மா’ என்று மூன்று வினாடி சொன்னாலும் அறுபது வினாடிக்குக் காசு. வினாடிக்கு ஒரு பைசா என்று 2009-இல் டாடா டோகோமோ இறங்கிய பிறகே மற்றவர்களும் வழிக்கு வந்தார்கள். மூன்று வினாடிச் செய்திக்கு ஒரு ரூபாய் கேட்கும் கடையில், அந்தச் செய்தியைச் சும்மா அனுப்ப ஒரு வழி இருந்தால் மக்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

பத்து வினாடிக்குள்

இப்போது 2ஜி காலத்து மிஸ்டு கால் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்.

பச்சைப் பொத்தானை அழுத்தியதும் உங்கள் போன் பக்கத்து டவரிடம் ஒரு சின்னத் துடிப்பை அனுப்பி, ‘எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்’ என்கிறது. டவர் ஒரு குறுகிய கட்டுப்பாட்டுத் தடத்தை ஒதுக்குகிறது. அடுத்து, நீங்கள் யாரென்று நிரூபிக்க வேண்டும். வலையமைப்பு 128 பிட் நீளமுள்ள ஒரு தற்செயல் எண்ணை அனுப்புகிறது. சிம்முக்குள் ஒரு ரகசியச் சாவி உண்டு. அது ஒருபோதும் சிம்மை விட்டு வெளியே வராது. அந்தச் சாவியையும் வந்த எண்ணையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு, 32 பிட் விடையை மட்டும் சிம் திருப்பி அனுப்புகிறது. அதே கணக்கை அங்கேயும் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் நீங்கள் நீங்கள்தான்.

ப்ரீபெய்டு என்றால் இன்னொரு சோதனை: ஒரு பேச்சு தொடங்குமளவுக்காவது கணக்கில் காசு இருக்கிறதா? முழுக்கக் காலியான போனிலிருந்து மிஸ்டு கால் போகாது. ‘உங்கள் கணக்கில் போதிய இருப்பு இல்லை’ என்ற பெண் குரல்தான் கேட்கும். அதனால்தான் பலர் கடைசி ஒரு ரூபாயைத் தொடாமல் மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு ரூபாயைக் காட்டியே நூறு மிஸ்டு கால் கொடுத்தார்கள்.

பிறகு வள்ளியூர்க்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்ற தேடல். அவர் போன் கடைசியாக எந்த வட்டாரத்தில் தன்னைப் பதிந்துகொண்டது என்பது நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். எந்த டவர் என்பது இருக்காது; டவர்கள் பல சேர்ந்த ஒரு வட்டாரம் மட்டும்தான் தெரியும். ஆகவே அந்த வட்டாரத்தின் எல்லா டவர்களும் ஒரே நேரத்தில் அவர் சிம்மைப் பெயர் சொல்லிக் கூவும். சட்டைப்பையில் தூங்கும் போன் சில கணங்களுக்கு ஒருமுறை விழித்து, தன் பெயர் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். அந்தக் காலத்து நோக்கியா 1100-இன் 850 மில்லியாம்பியர் மணி பேட்டரி, பேசாமல் வைத்திருந்தால் 400 மணி நேரம் வரை தாங்கும் என்று நிறுவனம் சொன்னதற்கு இந்தத் தூக்கமும் ஒரு காரணம். 2003-இல் வந்து 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. தலையில் டார்ச், தூசி புகாத ரப்பர் விசைப்பலகை. மின்வெட்டு ஊர்களுக்கென்றே அளவெடுத்துச் செய்தது. 2006-இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்ததும் இப்படிப்பட்ட மலிவு போன்களின் சந்தையை நம்பித்தான். அந்த ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது.

பெயரைக் கேட்ட போன் ‘இங்கே இருக்கிறேன்’ என்று பதில் சொல்லும். மணி அடிக்கும். உங்கள் காதிலும் மணியோசை கேட்கும். இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலான வலையமைப்புகளில், எதிர்முனை எடுப்பதற்கு முன்பே பேச்சுக்கான தடம் திறக்கப்பட்டுவிடும். சாட்சி வேண்டுமா? காலர் ட்யூன். யாரும் எடுக்காதபோதே சினிமாப் பாட்டு உங்கள் காதுக்கு வந்தது அந்தப் பேச்சுத் தடம் வழியாகத்தான். ஆக மிஸ்டு கால் நிறுவனத்துக்குச் செலவில்லாத சமாச்சாரம் என்பது தவறு. 2ஜி-யில் ஒரு அலைவரிசையை நேரத்தால் எட்டுத் துண்டாக்கிப் பங்கு போடுவார்கள். ஒரு துண்டு 0.577 மில்லிவினாடி. ஒரே அலைவரிசை வைத்த சின்ன டவரில் ஒரு துண்டு கட்டுப்பாட்டுக்குப் போக, மீதி ஏழு துண்டில் ஏழு பேர் பேசலாம். குரலை இன்னும் நெருக்கிச் சுருக்கினால் பதினான்கு பேர். அந்த ஏழில் ஒன்றை உங்கள் மிஸ்டு கால் பத்து வினாடி சும்மா பிடித்து வைத்திருக்கும். நிறுவனங்கள் அந்தப் பத்து வினாடியையும் விட்டுவைக்கவில்லை என்பது வேறு கதை. மணியோசையைப் பாட்டாக்கி மாதம் முப்பது ரூபாய்க்கு விற்றன. கேட்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர்!

எதிர்முனை எடுத்திருந்தால் ‘பதில் வந்தது’ என்ற ஒரு செய்தி அங்கிருந்து கிளம்பி, ஒவ்வொரு ஸ்விட்சாகத் தாண்டி, பில் போடும் கணினிக்கு வந்திருக்கும். எஸ்.டி.டி. பூத்தின் மின்முனை மாற்றத்துக்கு வாரிசு இந்தச் செய்தி. நீங்கள் அதற்கு முன்பே சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டீர்கள். ‘விடுவி’ என்ற செய்தி போகிறது. தடங்கள் எல்லாம் கலைகின்றன. வள்ளியூர் போனின் திரையில் உங்கள் பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

சமையல்கட்டு வழி

மேலே நடந்ததில் குரல் ஒரு துளிகூட இல்லை. எல்லாம் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டது. இதைச் சமிக்ஞை என்பார்கள். கல்யாண மண்டபத்தில் விருந்தாளிகள் வரும் முன்வாசல் ஒன்று, சமையல்காரர்களும் பரிமாறுகிறவர்களும் போய்வரும் பின்வழி ஒன்று இருக்குமே, அப்படி ஒரு ஏற்பாடு. குரல் முன்வாசலில் போகும். ‘இந்த எண்ணைக் கூப்பிடு, மணி அடி, விடுவி’ போன்ற உத்தரவுகள் பின்வழியில் போகும்.

ஆதியில் இரண்டும் ஒரே வழியில்தான் போயின. அமெரிக்காவின் நெடுந்தொலைவு இணைப்புகளில் ‘இந்தக் கம்பி காலியாக இருக்கிறது’ என்பதைச் சொல்ல 2600 ஹெர்ட்ஸ் ஓசையைப் பயன்படுத்தினார்கள், அதுவும் பேசும் கம்பியிலேயே. ‘கேப்டன் க்ரஞ்ச்’ என்ற காலை உணவுப் பெட்டியில் இலவசமாகக் கிடைத்த விசில் அதே அதிர்வெண்ணில் ஊதியது. விளைவை ஊகிக்கலாம். விசில் ஊதியே ஓசியில் உலகத்தைக் கூப்பிட்ட கூட்டம் ஒன்று 1960, 70-களில் உருவானது. இதுபோன்ற திருட்டுக்கும் வேறு பல குறைகளுக்கும் தீர்வாகத்தான் சமிக்ஞையைக் குரலிலிருந்து பிரித்துத் தனித் தடத்தில் போட்டார்கள். 1980-இல் அது ‘ஏழாம் எண் சமிக்ஞை முறை’ என்ற பெயரில் உலகத் தரமானது.

பூட்டிய வழியில் திருட முடியாமல் போயிற்று. ஆனால் அந்தப் பின்வழியில் எப்போதும் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது, அதில் மீட்டரும் இல்லை. ஏழை நாடுகளின் செல்போன் சேவைகளில் பெரும்பங்கு, மிஸ்டு காலில் தொடங்கி கடைக்கார அண்ணன் போட்ட ரீசார்ஜ், கென்யாவின் பணம் அனுப்பும் சேவை வரை, அந்தக் காலி இடத்தில் குடியேறியவை.

முதலில் குடியேறியது எஸ்.எம்.எஸ். சமிக்ஞைத் தடத்தில் ஒரு பொட்டலத்தில் 140 பைட் செய்தி வைக்கலாம். 140 பைட் என்றால் 1120 பிட். ஓர் ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்று வகுத்தால் 160 எழுத்து. அது போதுமா? ஜெர்மனியின் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் 1985-இல் தட்டச்சுப் பொறி முன் உட்கார்ந்து மனதில் தோன்றிய வாக்கியங்களை அடித்து எழுத்துகளை எண்ணினார். பெரும்பாலானவை 160-க்குள் அடங்கின. போதும் என்று முடிவானது. 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் அனுப்பிய முதல் எஸ்.எம்.எஸ். ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து.

அந்தத் தட்டச்சுப் பொறியில் தமிழ் இல்லை. தமிழுக்கு யூனிகோடில் ஒரு குறிக்கு 16 பிட் வேண்டும். 1120-ஐ 16-ஆல் வகுத்தால் 70. அதோடு தொல்லை முடியவில்லை. ‘அம்மா நான் மதுரை வந்து சேர்ந்துவிட்டேன்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் 19 எழுத்து, இடைவெளி நான்கு, மொத்தம் 23. கணினி அப்படி எண்ணாது. ‘ம்’ என்பது அதற்கு மகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ‘டே’ என்பது டகரம் ஒன்று, இரட்டைக்கொம்பு ஒன்று. அதன் கணக்கில் இந்த வரி 39. ஒரே வரியில் எஸ்.எம்.எஸ்ஸில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. இன்னொரு வரி சேர்த்தால் இரண்டு எஸ்.எம்.எஸ்ஸின் காசு. தங்கிலீஷைத் திட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். தமிழ் எழுத்தே தெரியாத போன்களும் எண் பலகையில் மூன்று முறை தட்டினால் ஒரு எழுத்து வரும் வேதனையும் ஒரு பக்கம். அதே காசுக்கு இரண்டு மடங்குக்கு மேல் எழுதலாம் என்பது இன்னொரு பக்கம். பின்னாளில் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கென 7 பிட் அட்டவணைகள் சர்வதேசத் தரத்தில் சேர்க்கப்பட்டன. அவை கைக்குக் கை பரவுவதற்குள் வாட்ஸ்அப் வந்துவிட்டது.

பத்து ரூபாய்க்குப் போடுங்க

“அண்ணே, பத்து ரூபாய்க்குப் போடுங்க.”

பெட்டிக்கடையில் பீடிக்கட்டுக்கும் மிட்டாய் ஜாடிக்கும் நடுவில் ஒரு பட்டன் போன் இருக்கும். அண்ணன் அதை எடுப்பார். அதில் இருப்பது சாதாரண சிம் இல்லை, விற்பனையாளர் சிம். அதற்குள்ளேயே ஒரு மெனு எழுதப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் எண், தொகை, ரகசிய எண் மூன்றையும் போட்டு அனுப்பினால் அது சமிக்ஞைத் தடத்தில் நிறுவனத்தின் கணினிக்குப் போகும். அண்ணன் கணக்கில் பத்து ரூபாய் குறையும். உங்கள் போன் ‘டிங்’ என்னும். வரி, கட்டணம் கழித்து ஏழு ரூபாய் சொச்சம் வந்திருக்கும். ஒரு இலக்கம் தப்பினால் முகம் தெரியாத யாருக்கோ பேச்சுக்காசு போய்விடும். அதனால் கடைக்காரர்கள் எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகத் திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பார்கள். பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும், அதிலும் எழுதிக்கொள்வார்கள். அந்த நோட்டு பெண்களுக்குத் தலைவலியானது. எண்ணைக் கடையில் சொன்னால் இரவில் யார் யாரோ கூப்பிடுவார்கள். எண்ணைச் சொல்லாமலேயே ரீசார்ஜ் செய்ய 2018-இல் வோடஃபோன் ‘சகி’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது இதனால்தான். இது பத்து வருடம் முன்பே வந்திருக்க வேண்டும்.

காசு ஏறியதா என்று பார்க்க நாம் நட்சத்திரம், எண், ஹேஷ் என்று தட்டுவோம். அதுவும் பின்வழி வாசிதான். யு.எஸ்.எஸ்.டி. என்ற அந்தச் சேவை எஸ்.எம்.எஸ். போல் எங்கும் சேமிக்கப்பட்டு வருவதில்லை. போனுக்கும் கணினிக்கும் நடுவே ஒரு தற்காலிகப் பேச்சுவார்த்தை, ஒரு தடவைக்கு 182 எழுத்து, மெனுவை வாசித்து 1 அல்லது 2 தட்ட வேண்டும், தாமதித்தால் அறுந்துவிடும். இணையம் வேண்டாம், ஆப் வேண்டாம், எந்த ஓட்டைப் போனிலும் ஓடும். பல நாடுகளில் இருப்பே இல்லாத போனிலும் ஓடும். தென்னாப்பிரிக்காவில் ‘தயவுசெய்து கூப்பிடு’ என்ற சேவை இப்படி வந்தது. காலியான போனிலிருந்து ஒரு குறியீட்டைத் தட்டினால் எதிராளிக்கு இலவசமாக ஒரு குறுஞ்செய்தி போகும். வோடகாம் நிறுவனத்துக்கு இந்த யோசனையைக் கொடுத்த ஊழியர் நகோசானா மகாட்டே, தனக்குச் சொன்ன பங்கைத் தரவில்லை என்று வழக்குப் போட்டார். கொடுத்த வாக்குக்கு நிறுவனம் கட்டுப்பட்டது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது.

இதே பின்வழியில் பணத்தையும் அனுப்ப முடியும் என்று காட்டியது கென்யா. நுண்கடன் தவணைகளைப் போன் வழியாகக் கட்டும் வசதியாகத்தான் 2005-இல் அங்கே சோதனை நடந்தது. சோதனையில் சேர்ந்தவர்கள் தவணை கட்டியதோடு நிற்கவில்லை. ஊரிலிருக்கும் உறவினருக்கும் தெரிந்தவர்களுக்கும் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். வோடஃபோனின் நிக் ஹியூஸும் சூசி லோனியும் அதைக் கவனித்து, சேவையின் நோக்கத்தையே மாற்றினார்கள். 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பேசாவைத் தொடங்கியபோது விளம்பர வாசகம் ‘வீட்டுக்குப் பணம் அனுப்பு’ என்பதுதான். நுண்கடன் பேச்சே இல்லை.

சிம்முக்குள் மெனு, ரகசிய எண், மறையாக்கம் செய்த செய்தி. நம் பெட்டிக்கடை ரீசார்ஜும் இதேதான். புதுமை கடைக்காரரிடம் இருந்தது. நைரோபியில் ஒருவர் முகவரிடம் ரொக்கம் கொடுப்பார். முகவரின் மின்னிருப்பு குறைந்து இவருடையது ஏறும். அதை ஊருக்கு அனுப்புவார். ஊரில் அவர் அம்மா வேறொரு முகவரிடம் ரகசிய எண்ணைப் போட்டு ரொக்கமாக வாங்குவார். முகவர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் இருக்கும் மின்னிருப்பு முழுவதற்கும் ஈடான ரொக்கம் வங்கியில் அறக்கட்டளைக் கணக்கில் இருக்கும். ஆக, வங்கிக் கிளை இல்லாத ஊரிலும் பெட்டிக்கடை வங்கியாகியது. இதனால் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மேலேறின என்று தவ்நீத் சூரி, வில்லியம் ஜேக் இருவரும் 2016-இல் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கைச் சில பொருளியலாளர்கள் ஏற்கவில்லை. வறுமைக் கணக்கு எப்படியிருந்தாலும், ஊருக்குப் பணம் கொண்டுபோக பஸ் டிரைவரை நம்ப வேண்டிய நிலை போயிற்று.

இந்தியாவில் வோடஃபோன் அதே எம்-பேசாவை 2013-இல் கொண்டுவந்து 2019-இல் மூடியது. தொலைபேசி நிறுவனம் வங்கி போல நடந்துகொள்வதை ரிசர்வ் வங்கி விரும்பவில்லை. வங்கியை முன்னிறுத்தியே பணம் நகர வேண்டும் என்றது. அதனால் நம் பின்வழி வங்கிச் சேவை *99# ஆக வந்தது. ஒவ்வொரு முறைக்கும் ஒன்றரை ரூபாய் வரை கட்டணம் இருந்தது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு வந்ததும் அரை ரூபாயானது, 2022-இல் பூஜ்யமானது. அதற்குள் யுபிஐ ஆப்கள் நாட்டையே பிடித்துவிட்டன. 2022 மார்ச்சில் பட்டன் போன்களுக்கென்று தொடங்கிய ‘யுபிஐ 123பே’ திட்டத்தில் பணம் செலுத்த நான்கு வழிகள் வைத்தார்கள். அதில் ஒன்று மிஸ்டு கால்! கடையின் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பி அழைப்பு வரும், ரகசிய எண்ணைத் தட்டினால் பணம் போகும்.

மணிக்காக ஒரு சண்டை

வியாபாரிகளும் கட்சிகளும் மிஸ்டு காலைச் சும்மா விடுவார்களா? பெங்களூரில் 2010-இல் தொடங்கிய ஜிப்டயல் என்ற நிறுவனத்தின் தொழிலே விளம்பரத்தில் ஒரு எண்ணைப் போட்டு மிஸ்டு கால் வாங்குவதுதான். 2015-இல் அதை ட்விட்டர் விலைக்கு வாங்கியது. பிஹாரில் இந்துஸ்தான் யூனிலீவர், மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பிக் கூப்பிட்டுப் பாட்டும் நடுநடுவே சோப்பு விளம்பரமும் கேட்கவைத்தது. கட்சி உறுப்பினர் சேர்க்கை, கேஸ் சிலிண்டர் பதிவு, வருங்கால வைப்பு நிதி இருப்பு எல்லாம் மிஸ்டு காலில் நடந்தன.

நான் ரசித்த சண்டை 2019-இல் நடந்தது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொன்றின் வாடிக்கையாளரைக் கூப்பிட்டால், கூப்பிட்டவரின் நிறுவனம் மற்றதற்கு நிமிடத்துக்கு 6 பைசா கொடுக்க வேண்டியிருந்தது. ஜியோவில் பேச்சு இலவசம்; மற்ற நிறுவனங்களின் பட்டன் போன்களில் காசு. ஆகவே மற்றவர்கள் ஜியோக்காரர்களுக்கு மிஸ்டு கால் கொடுத்தார்கள், நாளொன்றுக்கு 25 முதல் 30 கோடி என்று ஜியோ சொன்னது. ஜியோக்காரர்கள் திருப்பிக் கூப்பிட்டார்கள். 6 பைசா ஜியோவின் கையிலிருந்து போனது. இந்த நேரத்தில், தன் போனிலிருந்து போகும் அழைப்புகளின் மணி அடிக்கும் நேரத்தை ஜியோ 20 வினாடிக்குக் குறைத்தது. போனைத் தேடி எடுப்பதற்குள் மணி நின்றுவிடும். எதிராளி திருப்பிக் கூப்பிடுவார். 6 பைசா இந்தப் பக்கம் வரும் என்பது போட்டியாளர்களின் குற்றச்சாட்டு. ஏர்டெல்லும் பதிலுக்குக் குறைத்தது. கடைசியில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நாட்டாமை செய்ய வேண்டியிருந்தது. 2019 நவம்பர் 1 அன்று, செல்போனில் மணி 30 வினாடி, தரைவழித் தொலைபேசியில் 60 வினாடி அடிக்க வேண்டும் என்று உத்தரவு. மாமனாருக்குக் கொடுக்கக் கூடாத மிஸ்டு காலை லட்சம் கோடி ரூபாய் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டன.

இன்றைய 4ஜி-யில் முன்வாசலும் பின்வழியும் ஒன்றாகிவிட்டன. குரலும் தரவுப் பொட்டலம், உத்தரவும் தரவுப் பொட்டலம். மணி அடிப்பதற்கு 180, எடுத்ததற்கு 200 என்று, இணையப் பக்கங்களின் 404 போல எண் வைத்த செய்திகள் போய்வருகின்றன. 200 வரும் முன் துண்டித்தால் இன்றும் அது மிஸ்டு கால்தான். அளவில்லாப் பேச்சுத் திட்டத்தில் அதை மிச்சம் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

மாறியது அடியிலிருந்த வரவுசெலவு. 2000-களில், ஒருவர் யாரையும் கூப்பிடாமல் வந்த அழைப்பை மட்டும் எடுத்தாலும் அவருடைய நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 30 பைசா, பிறகு 20 பைசா வந்தது. அதனால்தான் 2006-ஐ ஒட்டி 999 ரூபாய்க்கு ‘வாழ்நாள் இன்கமிங்’ கொடுக்க முடிந்தது. அந்தத் தொகை 2015-இல் 14 பைசா, 2017-இல் 6 பைசா, 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யம். மிஸ்டு கால் கொடுத்து வாழ்ந்த வாடிக்கையாளர் அதற்கு வெகு முன்பே பாரமாகத் தெரியத் தொடங்கிவிட்டார். 2018 கடைசியில் மாதாமாதம் குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்யாவிட்டால் வரும் அழைப்பும் நிற்கும் என்றார்கள். வாழ்நாள் அன்றோடு முடிந்தது. 35 ரூபாயில் ஆரம்பித்த அந்தக் குறைந்தபட்சம் பல மடங்காகிவிட்டது.

தினமும் ஒரு சினிமா பார்ப்பவருக்கு இந்த மாற்றத்தில் லாபம். மகன் கூப்பிடுவதற்காக மட்டும் பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கு நட்டம். தரவு வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது நல்ல காரியம். ஆனால் விலையை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. 2025 ஜனவரியில் பெரிய நிறுவனங்கள் அறிவித்த அந்தத் திட்டங்களின் விலை 84 நாளுக்கு 450 ரூபாயை ஒட்டி இருந்தது. அழைப்பை வாங்குவதற்கு மட்டும் ஒரு திட்டம் அதில் இல்லை. அந்தக் கணக்கில், ஒரு பட்டன் போனுக்கு மணி அடிக்க வைக்க நாளுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் ஆனது.